அண்ணன் தறியில் கோயில் பாவு ஏறிய நாள்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணன் மகள் என்னிடம் கேட்டபோது, "அப்பாவுக்குத் தறின்னா உயிரு சித்தப்பா, அத வெச்சே எழுதிடுங்க" என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அப்போது நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அது உண்மையல்ல. அண்ணனுக்குத் தறி பிடிக்காது. அதை அவர் வாயால் பலமுறை கேட்டவன் நான்.

அண்ணன் பிறந்தது அம்மாவின் ஊரான மாகறலில். வளர்ந்தது, வாழ்ந்தது, மறைந்தது எல்லாம் பிள்ளையார்பாளையத்தில். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். அரைப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. தறிக்குழியில் காலை இறக்கினார். நான் அவரைவிட ஐந்து வயது இளையவன். எனக்கு அந்தக் குழியில் ஒருநாளும் இறங்க வேண்டியிருக்கவில்லை. பச்சையப்பன் மாதிரி பெரிய கல்லூரி இல்லையென்றாலும் பட்டப்படிப்பு வரைக்கும் படித்தேன். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்காரும் வேலை. அந்தச் சட்டை அண்ணன் தறியிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன், பின்னால் செய்ததை.

அண்ணனின் வேலை சுத்தமாக இருக்கும். அவர் நெய்த கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தைச் சங்கத்தில் விரலால் தடவிப் பார்ப்பார்கள், ஒரு மேடு தட்டாது. இவ்வளவு நன்றாகச் செய்கிறவர் ஆசையாகத்தான் செய்ய வேண்டும் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. ஒருமுறை நானும் அப்படி ஏதோ சொல்லப்போக, அண்ணன் குறுக்கு நூலோடு ஓடும் நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வேல நல்லா வருது, அவ்ளோதான்டா. புடிச்சிருக்குதுன்னு நான் எப்பனா சொன்னனா? காலைல குந்துனா எதிர்ல ஒரு செவுரு. பதினெட்டு வருசமா அதே செவுரு."

அவருக்குப் பிடித்தது பஸ். ஓட்டுவதல்ல, கண்டக்டர் வேலை. மனிதர்கள் ஏறி இறங்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், ஒவ்வொரு ஊராகப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தறியில் உட்கார்ந்தபடியே, "மாகறல் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க, வெத்தலப் பைய மறந்துடாதீங்க" என்று குரல் கொடுப்பார். தெருவில் போகிறவர்கள், "கண்டக்டரே, உத்திரமேரூருக்கு ஒண்ணு குடு" என்பார்கள். "சில்லறையா குடும்மா" என்பார் அண்ணன். எல்லோருக்கும் அது வேடிக்கை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அது வேடிக்கையாக இருக்கவில்லை. அண்ணன் யாருக்கும் சொல்லாமல் கண்டக்டர் லைசென்சுக்கு மனுப் போட்டார். அதற்கு முதலுதவி படித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போய் வந்து, கட்டுப் போட்டுப் பழக என் கையைக் கேட்பார். உடையாத என் கைக்கு அவர் எத்தனையோ முறை கட்டுப் போட்டார். அண்ணியிடம்கூட அவர் சொல்லவில்லை. அண்ணியின் அப்பாவும் நெசவாளர். தறியை விட்டவனை மனிதனாக மதிக்க மாட்டார். வேலை கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணன் நினைத்தார். லைசென்ஸ் வந்தது. மாகறல் வழியாக உத்திரமேரூர் போகும் ஒரு தனியார் பஸ்சின் முதலாளி, திங்கட்கிழமை வந்து ஏறிக்கொள்ளச் சொன்னார். அதற்கு முந்தைய புதன்கிழமை, தறியில் இருந்த கடைசிப் புடவையை அறுத்துச் சங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் மேசைக்கு அருகே குனிந்து சொன்னார்: "திங்கக்கெழம ஏர்றேன்டா. ஞாயித்துக்கெழம நானே அண்ணிகிட்ட சொல்லிடறேன். நீ யார்கிட்டயும் வாய் தொறக்காத."

அன்று மாலையே சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். லைசென்ஸ் விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன், எந்த நாளில் சேர்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"இன்னாப்பா இது? உன் வூட்டுத் தறியே நின்னுச்சுன்னா, நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அடுத்தவன் வூட்டுக்குப் போயி பாவு வாங்கிக்கோன்னு சொல்லுவ?"

என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலைத் தட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். பிறகு, அம்மன் கோயில் ஒன்றுக்கு மூன்று புடவை நெய்யப் பாவு வந்திருக்கிறது, அது யார் தறிக்குப் போகலாம் என்று நீயே சொல் என்றார். அண்ணன் தறிக்கு என்றேன்.

நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். ஒரு பாவு முடிந்து கடைசிப் புடவையை அறுத்த பிறகும் அதன் நூல் முனைகள் தறியிலேயே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்த முனையோடு முறுக்கிப் பிணைப்பார்கள். அதனால் தறி ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. கோயில் பாவு என்றால் பிணைத்து முடித்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து விளக்கேற்றுவார்கள். யார் தறியில் குங்குமம் வைத்தார்களோ, அவரேதான் நெய்து முடிக்க வேண்டும். இடையில் எழுந்தவர் எங்கள் தெருவில் இல்லை. தலைவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை அண்ணன் மாகறல் கோயிலுக்குப் போனார். வேலையில் சேருமுன் பிறந்த ஊர் சாமியைக் கும்பிட வேண்டும் என்று புறப்பட்டார். அவர் போன அரை மணி நேரத்தில் நான் பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம், "அண்ணன் வர்றதுக்குள்ள பிணைச்சி வெக்கச் சொன்னார் அண்ணி, கோயில் பாவு" என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே தம்பி" என்றார் அண்ணி.

"அவசரத்துல மறந்துட்டிருப்பார்."

அண்ணி என்னை நம்பினார். தெருக்கோடியிலிருந்து பிணைக்கிறவர்கள் இருவரை வரவழைத்தார். அவர்கள் இழை இழையாக முறுக்கிக்கொண்டிருந்த அந்த நாள் முழுதும் நான் சங்கத்தில் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் திரும்பியபோது தறி நிறைந்து இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானும் வந்து சேர்ந்திருந்தேன்.

"யாரு வெக்கச் சொன்னது இத?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதான் சொன்னீங்களாமே. தம்பிதான் வந்து சொன்னாரு" என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதை இன்று எழுதும்போதும் என்னால் தாங்க முடியவில்லை.

"பாவ உள்ள வெச்சிருங்க, அண்ணன் வந்து பார்த்துக்குவார்னுதான் சொன்னேன். பிணைக்கச் சொல்லல. அண்ணி தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க."

அண்ணி வாயைத் திறந்தார். "இல்லிங்க, அவரு சொன்னாரு" என்று ஒரு தடவை சொன்னார். "உங்கப்பன் வூட்டு புத்தி எங்க போவும்" என்றார் அண்ணன். பஸ் விஷயத்தை மனைவி எப்படியோ தெரிந்துகொண்டு, தன்னைத் தறியோடு கட்டிப்போட்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். எந்த பஸ், என்ன வேலை என்பதையெல்லாம் அண்ணி அந்த ஏச்சிலிருந்துதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்.

திங்கட்கிழமை அந்த பஸ் வேறொரு கண்டக்டரோடு போயிற்று. அண்ணன் கோயில் புடவைகள் மூன்றையும் நெய்து முடித்துவிட்டு பஸ் முதலாளியிடம் போய் நின்றார். சொன்ன நாளில் வராதவனை நம்பி வண்டியை விட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராகச் சங்கத்துக்கு வந்த அண்ணன் என்னிடம் கேட்டது, "அடுத்த பாவு எப்ப குடுப்ப?" என்பதுதான். அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருந்தது.

அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அண்ணன் நெய்தார். கண்டக்டர் லைசென்சைச் சில காலம் புதுப்பித்துக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். பஸ் கூப்பிடும் குரல் அந்தச் சனிக்கிழமையோடு நின்றுபோயிற்று. கோர்வை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அண்ணனுக்கு அதைச் செய்தவர் அண்ணிதான். இரண்டு பேரும் ஒரே பலகையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பேச்சு இருக்காது. வேண்டியதற்குப் பலகையை ஒரு தட்டு தட்டுவார் அண்ணன். பார்க்க வந்தவர்கள், பேசாமலே ஒத்துப்போகும் ஜோடி என்று வியப்பார்கள். சங்கக் கூட்டங்களில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். தறியை விட்டுப் போக நினைத்த இளைஞர்களிடம், என் அண்ணனைப் பாருங்கள் என்று பேசி, கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மேலாளராக ஓய்வு பெற்றேன். எனக்கு என் வேலை பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் யாரையும் ஏமாற்றியதில்லை. பிடிக்காத வேலையில் ஒரு இழையைக்கூடத் தவறவிட்டதில்லை. தங்கை கல்யாணம், அப்பாவின் வைத்தியம், மகளின் படிப்பு எல்லாம் அவர் முதுகில்தான் ஏறின. என்னிடம் கடைசிவரை அன்பாக இருந்தார். பேரனுக்குப் பெயர் வைக்கும்போதும் என்னைத்தான் கேட்டார்.

கடைசி வாரத்தில் ஒரு பகல் நான் கட்டிலருகே இருந்தேன். அண்ணி சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவ மேல அந்தக் கோவம் இன்னும் இருக்குதுடா. போவ சொல்லிப் பாக்கறேன், போவ மாட்டேங்குது."

அப்போது சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். "பழசுண்ணா, விடு" என்றேன். கஞ்சி வந்தது. நான்கு நாளில் அவர் போய்விட்டார்.

கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், தூக்கிப் படுக்கவைக்க இரவு பகல் பாராமல் வந்த தெருக்காரர்களுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் முன்னால் நல்ல தம்பியாக இத்தனை காலம் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமை அண்ணி சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு முறை போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை படித்தேன். அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி முழுவதும் கேட்டார். "அவரு உயிரோட இருக்கச்சொல்லவே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். இதை மலரில் போட வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"போடுங்க. அவரு படத்துக்கு எதிர்ப் பக்கத்துல போடுங்க" என்றார் அண்ணி.

அப்படியே அச்சாகியிருக்கிறது.