சத்வாவில் நான் எழுப்பிய சுவர்

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஹமீது பாயின் கடைக்குப் போய் நான்கு பாளம் ஐஸ் கேட்டேன். இந்த அரபு நாட்டில், சத்வா என்ற பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருந்த சின்ன மளிகைக் கடை அது. பாய் கீழக்கரைக்காரர். "வீட்டுல விருந்தா தம்பி? ஒங்க வீட்டம்மா ஊர்லல்ல இருக்காங்க?" என்றார். "விருந்து இல்லீங்க பாய், சிமெண்டுக்கு" என்றேன். அவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "நாலு பத்தாது, ஆறா எடுத்துக்கிடுங்க" என்று சாக்கில் கட்டிக் கொடுத்தார். ஊரில் இருக்கும் நீங்கள் நம்புவது கடினம். இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் கலவை குழைத்தால் கரண்டியில் எடுப்பதற்குள் இறுகிவிடும். டிரம்மில் ஐஸை உடைத்துப் போட்டு, அது கரைந்த தண்ணீரில்தான் சிமெண்ட் குழைக்க வேண்டும். ஒரு கம்பெனியின் ஸ்டோரில் சூப்பர்வைசராக இருந்த நான், அந்தக் கோடையில் கொத்தனாரும் தச்சனும் சித்தாளும் ஆனேன்.

காரணம் எளிமையானது. சரோஜா பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் போயிருந்தாள். மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டில் குழந்தையோடு திரும்புவதாக ஏற்பாடு. எங்கள் வாடகை வீடோ ஒரு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு முற்றம், அவ்வளவுதான். வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் இடையில் ஒரு சந்து நீளமாகச் சும்மா கிடந்தது. அதன் முன்பகுதிக்குக் கூரை போட்டு ஒரு பட்டறை, பின்பகுதியில் குழந்தைக்கு ஒரு அறை என்று திட்டம் போட்டேன். பட்டறை எனக்காகத்தான், அதை மறைக்க விரும்பவில்லை. டிப்ளமா முடித்து, கோவையில் பம்ப் செட் தொழிற்சாலையில் ஏழு வருடம் கடைசல் இயந்திரத்தோடு வாழ்ந்தவன் நான். இங்கே வந்தபின் என் கைகளுக்கு நட்டு போல்ட்டுகளை எண்ணிச் சீட்டு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. மாலையானால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அனுமதி கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டேன், கொஞ்சம் மட்டும். வீட்டுக்காரரின் பெயர் ஸாலிம். என் வயதுதான், துறைமுகத்தில் வேலை. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தாயோடு இருந்தார். "காருக்கு ஒரு ஷெட் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று ஹிந்தியில் கேட்டேன். அவருக்கு என் அளவுக்கே ஹிந்தி தெரியும். "ஸேன், ஸேன்" என்று தலையசைத்துவிட்டுப் போனார். நல்லது என்று அர்த்தம். அவர் சம்மதித்தது நான்கு கம்பமும் ஒரு கூரையும் கொண்ட ஷெட்டுக்கு. கம்பங்களுக்கு நடுவே சுவர் வந்தது. சுவர் வந்தபின் அறை வந்தது. ஒவ்வொரு வரிசைக் கல் ஏறும்போதும், இதோடு நிறுத்திவிட்டு அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லப் போய் அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் அடுத்த வரிசையையும் வைத்துவிடுவேன்.

டியூட்டி முடிந்து நான்கு மணிக்கு வந்தால் இருட்டும்வரை வேலை. கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய சிமெண்ட் பிளாக்குகள், இயந்திரங்கள் வந்து இறங்கிய பெட்டிகளின் பலகைகள் எல்லாம் மேனேஜரிடம் கேட்டு வாங்கியவை. பட்டறை மேசைக்குப் பின்னால் நேரான சுவர் தேவைப்பட்டது. பொது மதிலில் ஓரிடத்தில் தரையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை எட்டும் சின்ன மரக்கதவு ஒன்று இருந்தது. வெயிலில் பலகைகள் வெடித்து, சாயம் உரிந்து, என்றோ கைவிட்டதைப் போலத் தோற்றம். நான் இருந்த இரண்டு வருடத்தில் அது திறந்து பார்த்ததே இல்லை. அதன்மேல் பிளாக்குகளை வைத்து அடைத்துப் பூசி, மேசையை அங்கேயே போட்டேன். மேசைக்கு மேலே ஆணி அடித்து முதலில் மாட்டியது அப்பாவின் படத்தை.

அப்பாவின் கதையைச் சொல்லாமல் என் பயம் உங்களுக்குப் புரியாது. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது நாங்கள் கோவையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா மில்லில் குமாஸ்தா. விறகுப் புகையில் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று, கொல்லையில் நான்கு மூங்கில் நட்டு, மேலே ஒரு தகரத்தைப் போட்டு, அடுப்பை அங்கே மாற்றினார். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டீரா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் மத்தியானத்துக்குள் எங்கள் பாத்திரங்கள் தெருவில் இருந்தன. அப்பா ஒவ்வொரு பாத்திரமாகத் துண்டால் தூசி தட்டி வண்டியில் ஏற்றினார். தகரத்தைத் தானே பிரித்து, கட்டிய கயிற்றைச் சுருட்டி அதன்மேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்றிலிருந்து வீட்டுக்காரர்கள் என்றாலே எனக்குப் பயம். சரோஜா இங்கே வந்திறங்கிய அன்றே, "பக்கத்து வீட்டு மனுஷங்களோட ரொம்பப் பழக வேண்டாம். வீட்டுக்காரங்க. அளவா இருந்துக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் சரி என்றிருந்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு மாலை, அறைக்குக் கூரைச் சட்டம் ஏற்றிக்கொண்டிருந்தபோது தெருக்கதவு தட்டப்பட்டது. திறந்தால், உம் ஸாலிம் நின்றாள். ஸாலிமின் தாய் என்று பொருள், எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கறுப்பு அபாயா அங்கி, மூக்கின்மேல் வளைந்து நிற்கும் பொன்னிற முகத்திரை. தெருவழியாக அவள் வந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கடந்து பட்டறைக்குள் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டி, "பாப்?" என்றாள். "வேன் பாப்?"

அவள் காட்டிய இடத்தில் அப்பாவின் படம் இருந்தது. வேன் என்றால் எங்கே என்பது எனக்குத் தெரியும். பாப் என்றால் ஹிந்தியில் அப்பா. உன் அப்பா எங்கே என்று கேட்கிறாள். இவ்வளவு தூரம் நடந்து வந்து இதையா கேட்கிறாள் என்று ஆச்சரியமாக இருந்தாலும், எனக்குத் தெரிந்த அரபியில் பணிவாகவே பதில் சொன்னேன். "பாப் மாஃபி. பாப் மௌத்." அப்பா இல்லை, இறந்துவிட்டார்.

"மௌத்?" என்று மறுபடி கேட்டாள். "ஆமாம். கல்லாஸ்" என்றேன், முடிந்துபோயிற்று என்று. முகத்திரைக்குப் பின்னால் கோபமா வருத்தமா என்று எதுவும் தெரியவில்லை. கையை நீட்டி என் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிறகு திரும்பி நடந்து தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஸாலிம் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே புதுச் சுவரையும் கூரைச் சட்டத்தையும் வெகுநேரம் பார்த்தார். ஷெட் என்று சொன்னவன் அறை கட்டியிருக்கிறான். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், "உன் வீட்டம்மா எப்போது வருகிறாள்?" என்று ஹிந்தியில் கேட்டார். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் என்றேன். "அச்சா. அவள் வந்த பிறகு பேசிக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து அதே யோசனைதான். ஏன் அவள் வரும்வரை காத்திருக்கிறார்? தனியாக இருப்பவனைவிடக் குழந்தையோடு இருப்பவனை வெளியேற்றுவது சுலபம் என்றா? ஸாலிம் ஒரு போன் போட்டால் எனக்கு விசா தந்த முதலாளியான கஃபீலிடம் விஷயம் போகும். கஃபீல் ஒரு கையெழுத்துப் போட்டால் விசா போகும். முனிசிபாலிட்டி வண்டி தெருவில் போனால் எழுந்து போய்ப் பார்த்தேன். சுவரை நானே இடித்துவிடலாமா என்று சுத்தியலைக்கூடக் கையில் எடுத்தேன். இடித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று கீழே வைத்தேன். கடைசியில் தபால் ஆபீசுக்குப் போய், பயணத்தைத் தள்ளிப்போடு என்று சரோஜாவுக்குத் தந்தி அடித்தேன். இரண்டாம் நாள் மைத்துனனிடமிருந்து பதில் தந்தி வந்தது. அவர்கள் ஏற்கெனவே பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் அவள் குழந்தையை என் கையில் தந்தபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தூக்கத்தில் அதன் வாய் கோணுவதைப் பார்த்தபடி, இதை எத்தனை நாள் இந்த ஊரில் வைத்திருக்க முடியும் என்றுதான் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் சரோஜாவுக்கு அறையைக் காட்டினேன். வெள்ளையடித்து, கம்பெனிப் பெட்டிப் பலகையில் தொட்டிலும் செய்து வைத்திருந்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பட்டறைக்குள் வந்தாள். மேசையைப் பார்த்தாள். அதன் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க இருந்த கதவு எங்கீங்க?"

"எந்தக் கதவு? அந்தப் பழைய கதவா? அது தெறக்கறதே இல்லையே."

"நீங்க இருக்கும்போது தெறக்காது" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். கருவுற்ற மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காலை சமையலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குக்கர் விடாமல் கூவுவதைக் கேட்டு உம் ஸாலிம் அந்தச் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு குனிந்து வந்து, அடுப்பை அணைத்து, இவள் முகத்தில் தண்ணீர் தெளித்து மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து நான் டியூட்டிக்குப் போனதும் கதவு திறக்கும். பேரீச்சம்பழமும் மோரும் வரும். இவள் செய்த இட்லி அந்தப் பக்கம் போகும். அரபியில் பாதி, கைச்சாடையில் பாதி என்று இருவரும் வெயிலேறும்வரை பேசிக்கொண்டிருப்பார்களாம். இங்கத்துப் பெண்கள் தெருவில் கால் வைக்காமல் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காகவே மதிலில் அப்படிக் கதவு வைக்கிறார்கள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பழகாதேன்னு சொன்னீங்களே. சொன்னா பயப்படுவீங்கன்னுதான் சொல்லல. மயங்கி விழுந்ததச் சொன்னா அன்னிக்கே ஊருக்கு அனுப்பிச்சிருப்பீங்க."

அது உண்மை. அனுப்பியிருப்பேன். அந்த அம்மாள் வந்துபோனதையும், அப்பாவைப் பற்றிக் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் அவளிடம் சொன்னேன். சரோஜா என்னையே பார்த்தாள். "பாப்புன்னா அரபில கதவுங்க" என்றாள். "கதவு எங்கேன்னு கேட்டிருக்காங்க. நீங்க கதவு செத்துப்போச்சு, முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கீங்க." முதலில் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பாவின் படத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். மேசையை இழுத்துப் போட்டேன். ஐஸ் தண்ணீரில் குழைத்துக் கட்டிய சுவர் நன்றாகவே பிடித்திருந்தது. என் கைவேலையை அப்படி நான் சபித்ததில்லை. மூன்றாவது கல் விழுந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. கடைசிக் கல்லை எடுத்ததும் அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் விலகியது. உம் ஸாலிம் குனிந்து வந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. சரோஜாவின் தலையைப் பிடித்து முத்தமிட்டாள். குழந்தையை வாங்கி, முகத்திரையை உயர்த்திக்கொண்டு அதன் நெற்றியோடு நெற்றி வைத்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். சிறிது நேரம் கழித்து சரோஜா என் பின்னாலிருந்து சொன்னாள்: "கதவை அடைச்சதால நமக்கு அவங்க வேண்டாம்னு நெனச்சாங்களாம். அதான் நான் வந்து என்ன சொல்றேன்னு பாக்கக் காத்திருந்திருக்காங்க. அப்பறம், நீங்க கதவ அப்பான்னு நெனச்சதச் சொன்னேன். உங்க அப்பா நெஜமாவே தவறிட்டாரான்னு கேக்கறாங்க."

மறுநாள் ஸாலிம் வந்தார். இந்தமுறை உள்ளே வந்து டீ குடித்தார். அறையைப் பற்றி நானே பேச்செடுத்து, கேட்காமல் கட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவரில் விரலால் தட்டிப் பார்த்தார். "நல்ல வேலை. நீ ஊருக்குப் போகும்போது அறை இங்கேயேதானே இருக்கும்?" என்றார். குத்தலாக அல்ல, மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். நானும் ஆமாம் என்று சிரித்தேன். இரண்டு வாரமாக நான் எதை நினைத்துப் பயந்தேனோ அது அப்படியே கரைந்துபோயிற்று. அதன் இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒருவர் வெளியேற்றினால்தான் என்றில்லை. யாரும் வெளியேற்றாமலேயே ஒருநாள் இந்தச் சுவர்களை விட்டுவிட்டுப் போகத்தான் போகிறோம்.

பட்டறை பாதியாயிற்று. மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றி, கதவுக்கு வழி விட்டேன். அக்டோபரில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பீளமேட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டத் தொடங்கப் போகிறானாம். நான் திரும்பி வரும்போது இருப்பதற்கு எனக்கும் ஒரு பகுதி. "நீதான் வரையத் தெரிந்தவன், உன் பகுதிக்கு நீயே பிளான் போட்டு அனுப்பு" என்று எழுதியிருந்தான். மூன்று மாலை உட்கார்ந்து ஸ்கேல் வைத்து வரைந்தேன். சமையலறையையும் பூஜை அலமாரியையும் சரோஜா இரண்டு தடவை மாற்றச் சொன்னாள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்தது. "பிளான் கிடைத்தது. மேஸ்திரிக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறார். தெருப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லையே. விட்டுப்போயிற்றா, வேண்டாமென்றே விட்டாயா?"

நகலை எடுத்துப் பார்த்தேன். இங்கே சத்வாவில் எந்த வீடும் தெருவைப் பார்ப்பதில்லை. தெருவுக்கு வெறும் மதில்தான். ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். கோவையில் நான் வாழப்போகும் வீட்டையும் என் கை அப்படியே வரைந்திருந்தது. தெருப் பக்கம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடு. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நீளமான கோட்டின்மேல் ஜன்னலை எங்கே திறப்பதென்று தெரியாமல், பென்சில் முனையை அங்கேயும் இங்கேயும் நகர்த்தியபடி இருந்தேன்.