மாடக்கண்ணு பிரித்துப் போட்ட பென்ஸ்

மாடக்கண்ணுவுக்கு எண்ணத் தெரியும். ஆனால் எண்ண மாட்டான். பசுவந்தனைக்குக் கிழக்கே ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவன். நூற்றுச் சொச்சம் ஆடு சாயங்காலம் பட்டிக்குள் நுழையும்போது ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒரு பார்வை பார்ப்பார்கள். எந்தக் குட்டி வரவில்லையோ அதைத் தேடித் திரும்பி நடப்பார்கள். இருபது வயதில், கிணற்றடியில் நின்றுபோய்க் கிடந்த ஓர் ஆயில் இன்ஜினைக் கேட்பாரில்லை என்று கழற்றிப் பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் அது ஓடியது. அதோடு ஆடு போய் இன்ஜின் வந்தது. பிறகு கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, டிராக்டர், லாரி என்று பார்க்க ஆரம்பித்தான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. 1996 ஆடி மாதம், என் முதலாளியின் பென்ஸைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அவன் கொட்டகையில் விட்டபோது, ஆட்டுக்காரன் கையில் பென்ஸா என்று வாய்விட்டே சொன்னேன். அவன் காதில் விழுந்தது. கேட்காதவன் மாதிரி பானெட்டைத் தூக்கினான்.

நான் நந்தகோபால். பருத்திக் கமிஷன் கடை பூவனலிங்கம் முதலாளிக்குப் பதினான்கு வருஷமாக டிரைவர். பதினான்கு வருஷமும் அதே கார்தான். கப்பல் மாதிரி போகும், கியர் தானாக விழும், கிளட்ச் கிடையாது. ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. அதில் கொஞ்சம் எனக்கும் வந்து சேர்ந்தது என்று வையுங்கள். ஆனால் பதினெட்டு வயதான வண்டி. வர வர டீசலைவிட அதிகமாக ஆயிலைக் குடித்தது. பின்னால் வருகிறவன் முகம் தெரியாத அளவுக்குப் புகை. கியர் மாறும்போதெல்லாம் ஓர் இடி இடிக்கும்; முதலாளியின் நெற்றி முன்சீட்டில் போய் முட்டும். கடைசியில் ஒரு நாள் நடுரோட்டில் நின்றேவிட்டது. மதுரையில் காட்டினோம். இந்த வயசில் இதைத் தொட மாட்டோம் என்றார்கள்.

"ஆவணி பொறக்கட்டும்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள ஓடலைன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவோம். பையன் புதுக் காரு எடுத்துட்டு வாரான். அவனே ஓட்டிக்கிடுவான்."

என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், வேறு வண்டி ஓட்டிப் பழகாதவனை எவன் வேலைக்கு வைப்பான்? இந்த வண்டியை யார் சரிசெய்வார்கள் என்று கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம் கேட்டேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள்.

முதல் வாரத்தில் மாடக்கண்ணு இன்ஜினை இறக்கிப் பிரித்தான். நான் தினமும் போய்த் தலைமாட்டில் நின்று, அதைத் தொடாதே, இதைப் பார்த்து எடு என்று உயிரை வாங்கினேன். ஒரு நாள் பிஸ்டன் ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் தடவி, என் உள்ளங்கையில் தேய்த்தான். கருப்பாக, நறநறவென்று இருந்தது.

"ஆயில் மட்டும் குடிக்கல அண்ணாச்சி இவன். நம்ம ஊரு கரிசலையும் சேத்துக் குடிச்சிருக்கான். ஏர் பில்டரு கிழிஞ்சு ரொம்ப நாளாயிருக்கும் போல."

பில்டரைப் பார்ப்பது யார் வேலை? என் வேலை. அன்று மாலை முதலாளி வந்து, எதனாலப்பா இப்படி ஆச்சு என்று கேட்டார். மாடக்கண்ணு என் பக்கமே திரும்பவில்லை. "வயசு முதலாளி" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து நான் அவனுக்குப் புத்தி சொல்வதை நிறுத்தினேன்.

பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய், தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து போர் அடித்து வந்தான். ரிங்கும் பேரிங்கும் பம்பாயிலிருந்து லாரி பார்சலில் வந்தன. ஆடி இருபதுக்குள் இன்ஜின் கட்டி முடிந்துவிட்டது. மிச்சம் கியர்பாக்ஸ்.

அதன் வயிற்றில் ஓர் அலுமினியப் பாளம் உண்டு. வால்வு பாடி என்பார்கள். அதற்குள் ஓடும் சிறு சிறு பாதைகளில் எண்ணெய் போய்த்தான் கியரை மாற்ற வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் கதை முடிந்தது. கொட்டகையிலோ ஆடிக் காற்று ரோட்டுப் புழுதியை அள்ளி அள்ளிக் கொட்டியது. அதனால் மாடக்கண்ணு அந்தப் பாளத்தைத் துணியில் சுற்றி, பின்னாலேயே இருந்த தன் வீட்டுக்குள் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிரித்தான். அவன் மனைவி சுடலையம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுப்பவள். வீடு முழுக்கக் காலிப் பெட்டிகள். அவற்றில் சிலவற்றை எடுத்து, பெட்டிக்கு ஒரு சாமானாகப் போட்டு மூடி, கழற்றிய வரிசையிலேயே ஒரு வேட்டியில் அடுக்கினான். ஒன்றில் ஒரு சின்ன இரும்புக் குண்டு, ஒன்றில் ஒரு ஸ்பிரிங், ஒன்றில் ஒரு வால்வு. நான் எண்ணினேன், நாற்பத்துமூன்று. அவன் எண்ணவில்லை.

நான்காம் நாள் காலையில் பெட்டி எடுக்கிற வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டினார். சுடலையம்மாள் கதவைத் திறந்தாள். காத்திருந்த மாதிரி காற்று உள்ளே பாய்ந்தது. குவித்து வைத்திருந்த பெட்டிகள் வீடெல்லாம் சிதறின. அவள் பதறிப்போய், வேட்டியில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, மற்றதை வாரிச் சாக்கில் போட்டு அனுப்பினாள்.

மதியம் நானும் மாடக்கண்ணுவும் உள்ளே போனோம். அவன் வாசற்படியிலேயே நின்று வேட்டியைப் பார்த்தான்.

"ஒருத்தன் இல்லையே" என்றான். "அந்தச் சின்ன ஸ்பிரிங்கு."

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. எனக்குத் தலைக்கேறிவிட்டது. சுடலையம்மாளைப் பார்த்து, கண்ணு எங்கே போச்சு, புத்தி எங்கே போச்சு என்று கத்தினேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. அவள் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள்.

"அவள வையாதீங்க அண்ணாச்சி. காத்த வையுங்க" என்றான் மாடக்கண்ணு. "வாங்க, போவோம்."

அவனுடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். தீப்பெட்டி ஆபீசில் இருநூறு பெண்களுக்குக் குறையாது. வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சாக்கு வந்த அடையாளமே இல்லை. எல்லாச் சாக்கையும் தட்டிக் குவித்துப் பங்கு போட்டாகிவிட்டது. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். கை நின்றால் கூலியும் நின்றுபோகும். மேற்பார்வை பார்க்கிற வெயிலம்மாளிடம் போய் நின்றேன். பதினான்கு வருஷம் பென்ஸில் உட்கார்ந்து ஊரையே அதட்டி ஹாரன் அடித்தவன், கையைக் கட்டிக்கொண்டு, பெட்டியோடு ஒரு சாமான் வந்துவிட்டது என்றேன்.

"என்ன சாமான்யா?" என்றாள்.

"ஸ்பிரிங்கு, யக்கா. பேனாவுக்குள்ள இருக்குமே, அம்புட்டுத்தான்."

"அது இல்லைன்னா என்ன?"

"எனக்கு வேலை இல்ல, யக்கா."

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயிலம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, எல்லாரும் கைய நிறுத்துங்க. குச்சி அடைக்காத பெட்டிய ஒவ்வொண்ணா எடுத்துக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க. சத்தம் வந்தாச் சொல்லுங்க" என்றாள்.

காலிப் பெட்டி ஆட்டினால் சத்தம் வராது. இருநூறு பெண்கள் காதோரம் பெட்டியை வைத்து ஆட்டுகிறார்கள், கூடத்தில் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ தெரியாது, ஒரு மணி நேரம் இருக்கலாம். என்னை அவர்களுக்கு யார் என்றே தெரியாது. அந்த ரோட்டில் எத்தனை தடவை அவர்கள்மேல் புகையைக் கக்கிவிட்டுப் போயிருப்பேனோ.

கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். மாரிசெல்வி என்று பேர். பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கை உள்ளங்கையில் கொட்டி உற்றுப் பார்த்தாள்.

"இந்தத் துணுக்குக்கா அம்மாம் பெரிய காரு ஓடாமக் கெடக்கு?" என்றாள்.

கூடமே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

"சரி சரி, கைய ஓட்டுங்கட்டி" என்றாள் வெயிலம்மாள்.

மறுநாள் கடம்பூர் போளி பெரிய பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வெயிலம்மாளிடம் போனேன். "போளி இருக்கட்டும்யா, வண்டி ஓடுச்சா?" என்று கேட்டாள். இன்னும் மாட்டவில்லை என்றேன். ஓடினால்தான் எங்களுக்கும் நிம்மதி என்றாள். அப்படியே சுடலையம்மாளிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காப்பிக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

ஆடி முடிய இரண்டு நாள் இருந்தது. மாடக்கண்ணு கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டினான். முதலாளியைப் பின்சீட்டில் ஏற்றி, மாடக்கண்ணுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிற்பகலில் கழுகுமலைக்குக் கிளம்பினோம். முதலாளி பழக்கப்படி இரண்டு கையாலும் என் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் கியர். இரண்டாவது விழும் நேரத்தில் நான் பல்லைக் கடித்தேன். இடி இல்லை. விழுந்ததே தெரியவில்லை. மாடக்கண்ணு மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டு, லேசாக ஆட்டினான்.

ஊரைத் தாண்டியதும் சீட்டைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று விலகியது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்றும். கழுகுமலை மலை தெரிந்தபோது முதலாளி என்ன நினைக்கிறாரோ, கேட்போம் என்று கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாடக்கண்ணு உதட்டில் விரல் வைத்தான். கழுகுமலையில் நிறுத்தவே இல்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு அப்படியே திருப்பினேன்.

கடை வாசலில் நிறுத்தியதும் முதலாளி விழித்துக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படியேறும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நந்தகோபாலு, நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு விருதுநகர் போகணும். வந்துரு."

பதினான்கு வருஷமாகக் கேட்ட வார்த்தை. ஒவ்வொரு தடவையும் விடியுமுன்னேயா என்று முணுமுணுத்த வார்த்தை. அன்றைக்கு முணுமுணுப்பு வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாடக்கண்ணுதான் ஜன்னல் வழியே தலையை நீட்டி எனக்காகப் பதில் சொன்னான்.

"வந்துருவாரு முதலாளி."