இடது கையால் சுற்றிய கயிறு

படகு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு வரும் பயணிகள் போட்டில் லாஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கரையில் போட்டைக் கட்டுவது, அவிழ்ப்பது, கயிறுகளைச் சுற்றி வைப்பது, இவைதான் லாஸ்கரின் வேலை.

1. ஆபீசர் மெச்சிய கயிறு

தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் லைஃப்பாயில் ஒரு நீளமான நைலான் கயிறு கட்டியிருக்கும். தினமும் காலையில் டெக் கழுவியதும் அதைச் சுற்றிக் கொக்கியில் மாட்டுவேன். எனக்கு இடது கைப் பழக்கம். ஆனாலும் வளையம் எல்லாம் ஒரே அளவில் நிற்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசரே, "இது ஆரு சுத்தினது? நல்லா இருக்கே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட வேலை பார்த்த மாணிக்கம் மட்டும் அதை மெச்சியதில்லை. என்னைவிட இளையவன், என் தெருக்காரன். நான் மாட்டியதை எடுத்துப் பிரித்து, வலப்பக்கமாகச் சுற்றி மறுபடி மாட்டுவான்.

"அண்ணே, கயித்தோட முறுக்கு வலப்பக்கம் போகுது. நீங்க எதிர்ப்பக்கம் சுத்துறீங்க. பார்க்க ஜோரா இருக்கும், வீசினா சுருக்கு விழும்" என்பான். வருஷக்கணக்காக இதே கதைதான்.

ஒரு நாள் பயணிகள் முன்னாலேயே பிரித்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே கயிறு பிடிச்சவன்டா நான்! இனி என் கயித்தைத் தொட்டே, கை இருக்காது!"

"சரிண்ணே, இனி தொடல" என்றான். தொடவும் இல்லை. சொன்ன சொல் மாறாதவன், பாவி.

2. பத்து நாள் கழித்து

நல்ல மழைக்காலம். காயல் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம், இழுப்பு பயங்கரம். போட்டைக் கரையோடு அணைக்கும்போது மாணிக்கம் ஜெட்டிக்குத் தாவினான். கால் வழுக்கியது. தலை மரத்தூணில் மோதித் தண்ணீரில் விழுந்தான். நன்றாக நீந்துகிறவன், அன்று கையை மட்டும் தூக்கினான்.

போட்டை ஓட்டிய ஸ்ராங்க், "கயறு எறியெடா! வேகம்!" என்று கத்தினார்.

எறிந்தேன். லைஃப்பாய் பாதி தூரத்தில் வெடுக்கென்று நின்று விழுந்தது. மீதிக் கயிறு சுருக்குச் சுருக்காக என் காலடியில் கிடந்தது. இரண்டு கையாலும் பிய்த்தேன். "அண்ணே!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். நான் நிமிர்ந்தபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது.

மறுநாள் வைப்பின் தீவுப் பக்கம் கரை ஒதுங்கினான்.

3. பதினாறாம் நாள்

விசாரணையில் இழுப்பு அதிகம் என்று எழுதி முடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவன் மனைவி செல்வி பக்கத்தில் வந்து கேட்டாள்: "கயிறு எட்டலையாண்ணே?"

"எட்டலம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போய்ச் சாயா கொண்டுவந்து தந்தாள். வெட்கங்கெட்டவன், வாங்கிக் குடித்தேன்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கயிற்றை அதன் முறுக்கு போகும் பக்கமே சுற்றுங்கள். சுற்றியதை ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றி மாட்டுங்கள். நீங்கள் சுற்றியதை ஒருவன் பிரித்தால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

செல்வி தமிழ் பேசுவாள், ஆனால் படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். கயிறு எட்டுகிற நீளம்தான் அம்மா.