பத்து நிமிஷ நடை

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. இதை எழுதுகிற இன்றைக்கும் போகவில்லை. போன ஐப்பசியில் மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த காரியம் இது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு அருவி பார்க்கப் போய்விட்டு வந்தது, அவ்வளவுதான். இதில் என்ன கோபம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும்.

என் மகனுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. மகன், மருமகள், பேத்தி, நான் என்று நாங்கள் குடியிருப்பது எடமலைப்பட்டி புதூர். மருமகளுடைய அம்மா, அதாவது என் சம்பந்தி, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நல்ல மனுஷி. ஆனால் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. சில நாள் கோயிலுக்குள் போக முடியாமல் கோபுரத்துக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

நான் முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். மலைக்கோட்டையைச் சுற்றி இன்றைக்கு நிற்கிற ஜவுளிக்கடைகளில் நாலைந்து கட்டடத்துக்கு நான் கலவை சுமந்திருக்கிறேன். சாரத்தில் ஏறி மூன்றாவது மாடிவரைக்கும் போவேன். முட்டி வலி என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போனாலும் சாமானுக்கு நான் காவல். யாரும் இப்படித்தான் என்று சட்டம் போடவில்லை, தானாக வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போனால் எல்லோருடைய மாற்றுத்துணியையும் மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்காருவேன். அவர்கள் முழுகி எழுந்து, தலை துவட்டி, காப்பரிசி தின்று முடித்த பிறகு நான் இறங்குவேன். அதற்குள் “கெளம்பலாமா?” என்பார்கள். சமயபுரத்தில் செருப்புக்குக் காவல். முக்கொம்புக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். அணை ஷட்டரில் தண்ணீர் எப்படி விழும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எந்த மரத்தடியில் எறும்பு அதிகம் என்று கேட்டால் சொல்வேன். “அம்மா இருந்தா கவலை இல்லை” என்று என் மகன் எல்லோரிடமும் சொல்லுவான். அதை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

அருவிக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்ததிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. இத்தனை வயதில் ஓர் அருவியை நேரில் பார்த்ததில்லை. காலண்டரில் பார்த்ததுதான். ஆசையை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. விடியுமுன் எழுந்து புளிசாதம் கிளறினேன், தயிர்சாதம் பிசைந்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். புளிசாதத்தைப் பெரிய அன்னக்கூடையில் போட்டு வெள்ளைத் துணியால் வாய் கட்டினேன், தயிர்சாதத்தைத் தூக்கில் அடைத்தேன். குளிக்கலாம் என்று மாற்றுப்புடவை ஒன்று என் பையில் தனியாக எடுத்து வைத்தேன். அதை யாருக்கும் காட்டவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு, டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர் என்று போனோம். துறையூர் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்தில் வேன் நின்றது. அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. டிரைவர் எங்களை இறக்கிவிட்டு, கீழே ஊருக்குள் நிறுத்திக்கொண்டு மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். சாமான் எல்லாம் ஒரு புளியமரத்தடியில் சிமெண்டு பெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. கிளையில் ஏழெட்டுக் குரங்குகள் அன்னக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அம்மா, நீ இங்கயே இரு. சாமானப் பாத்துக்க. கொரங்கு ஜாஸ்தி” என்றான் மகன்.

“அருவி எவ்வளவு தூரம்ப்பா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பதில் சொன்னாள். “ரொம்ப தூரம் அத்தை. காட்டுக்குள்ள போகணும். ஒரே வழுக்குப் பாறை. அட்டை வேற கடிக்கும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?”

சொல்லிவிட்டுத் திரும்பித் தன் அம்மாவின் கையைப் பிடித்தாள். “வாங்கம்மா, மெதுவாப் போலாம்.”

நான் கேட்டேன். கேட்காமல் இருக்கிறவள் இல்லை நான். “உங்க அம்மாவுக்குக் கஷ்டம் இல்லையாம்மா?”

மகன்தான் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான். “அவங்க விருந்தாளிம்மா. அழைச்சிட்டு வந்துட்டு மரத்தடியில விட்டுட்டுப் போக முடியுமா?”

நாலு பேரும் போனார்கள். பேத்தி முன்னால், காதில் எதையோ மாட்டிக்கொண்டு. மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கமாகச் சம்பந்தியைத் தாங்கிக்கொண்டு பின்னால். வளைவில் மறைவதற்கு முன் சம்பந்தி இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார் என்று எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு குரங்கு விரட்டினேன். எத்தனையோ குடும்பங்கள் வந்தன. கைக்குழந்தையோடு போனார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தா ஒருவர் கம்பு ஊன்றிக்கொண்டு போனார். ரொம்ப தூரம் என்றார்களே, இவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வேகவைத்த கடலை விற்கிற பெண் ஒருத்தி காலிக் கூடையோடு காட்டுப் பாதையிலிருந்து இறங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். என் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள்.

“என்னக்கா, காவலுக்கு வெச்சுட்டுப் போயிட்டாங்களா?”

“யாரும் வைக்கல. நானாத்தான் உக்காந்திருக்கேன்.”

“தானா உக்காந்தவ மொகம் இப்படியா இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. “தூரமாமுல்ல” என்றேன்.

“எது, அருவியா? பத்து நிமிஷ நடை. மெதுவாப் போனா கால் மணி. காலையிலேருந்து மூணு நட போயிட்டேன், காலுல செருப்புகூட இல்ல பாருங்க.”

“வழுக்குமாமே?”

“கல்லு பதிச்சு வெச்சிருக்காங்கக்கா. நேத்து ஒரு கல்யாணப் பொண்ணு பட்டுப்பொடவையோட போயி போட்டோ புடிச்சிட்டு வந்துச்சு.”

“அட்டை?”

“அட்டை இருக்கும். மழைக்காலத்துல அது வேற எங்க போவும், பாவம்.”

முட்டி தேய்ந்த மனுஷியால் போக முடிகிற வழியை, எனக்கு முடியாத வழி என்று சொல்லியிருக்கிறார்கள். தூரத்தைக் கூட்டிச் சொன்னது மருமகள். பக்கத்தில் நின்று சும்மா இருந்தது நான் பெற்றவன். இதில் யார் மேல் கூடுதல் கோபம் என்றால், அவன் மேல்தான்.

கடலைக்காரி என்னை உற்றுப் பார்த்தாள். “நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்கக்கா.”

“வேண்டாம். எனக்கு ஒரு கை மட்டும் குடு” என்றேன்.

மகனுடைய பெரிய துண்டை எடுத்து முறுக்கி வட்டமாகச் சுற்றினேன். சும்மாடு சுற்ற என் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தலையில் வைத்து, அதன்மேல் அன்னக்கூடை, அதன்மேல் துணிப்பை. தயிர்சாதத் தூக்கு இடது கையில். வறுவல் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் தோளில் மாட்டிய என் பையில். தலைச்சுமைக்கு ஏற்றிவிட ஆள் வேண்டும். ஏறிவிட்டால் அப்புறம் யாரும் வேண்டாம். அவள் ஏற்றிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, “ஆத்தாடி, நீங்க லேசுப்பட்ட ஆளு இல்ல” என்றாள். குரங்குகள் கொஞ்ச தூரம் கிளைவழியாகக் கூடவே வந்தன. பிறகு நின்றுவிட்டன.

பாதை அவள் சொன்ன மாதிரிதான். கல் பதித்து, குண்டும் குழியும் இல்லாமல், லேசான ஏற்றமாக ஓடைக்கு ஓரமாகவே போயிற்று. நாலு அடி உள்ளே போனதும் வெயில் இல்லை. மருதமும் நாவலும் பேர் தெரியாத மரங்களும் மேலே ஒன்றோடொன்று பின்னிக் கூரை போட்டிருந்தன. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. பாறையெல்லாம் பச்சைப் பாசி. என் கையளவு தடிமனான கொடிகள் தொங்கின. சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. வேனில் வரும்போது பேத்தி இதை மழைக்காடு என்று சொன்னாள். திருச்சி வெயிலில் காய்ந்து கிடக்கிற எனக்கு, மூச்சை இழுத்தால் மூக்குக்குள்ளேயே ஈரம் போவது புதுசாக இருந்தது. ரொம்ப அழகு. அந்த அழகைப் பார்க்கப் பார்க்கத்தான் கோபம் ஏறியது. இதையா எனக்கு வேண்டாம் என்று முடிவு பண்ணினீர்கள்?

எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர், “பாட்டி, குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்” என்றார். “நீங்க போங்க தம்பி, பழக்கந்தான்” என்றேன். கழுத்து ஆடவில்லை. கால் தடுமாறவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, இரைச்சல் கேட்டது.

முதலில் பார்த்தது பேத்தி. “அப்பாயி!” என்று கத்தினாள்.

மகன் இடுப்பில் ஈரத்துண்டோடு ஓடி வந்தான். “என்னம்மா இது? அத்தனையும் தலையில தூக்கிட்டு... பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“என்ன நெனப்பாங்க? அம்மாவ சொமக்க விட்டுட்டான்னு நெனப்பாங்க. நெசந்தான? எறக்கு.”

இறக்கினான். இறக்கி வைக்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது.

மருமகள் ஈரத்தலையோடு வந்தாள். “அத்தை, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்...”

“இது எத்தன நிமிஷ நடைம்மா? சொல்லு.”

அவள் ஈரத்தலையை முறுக்கிப் பிழிந்தாள். பேத்திதான், “பத்து நிமிஷம் அப்பாயி” என்றாள். பிறகு தன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு என் பின்னால் ஒதுங்கினாள்.

மகன் சமாதானத்துக்கு வந்தான். “நீ வரணும்னு ஒரு வார்த்தை சொன்னியாம்மா? கேட்டிருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டமா?”

“ஒன் மாமியா கேட்டாங்களாடா?”

ஒரு பாறைமேல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்பந்தி அப்போது வாய் திறந்தார். “நான் எங்க கேட்டேன் சம்பந்தியம்மா? மரத்தடியிலயே இருந்துக்கறேன்னு வேன்லயே ரெண்டு தடவ சொன்னேன். யாரு காதுல விழுந்துச்சு? ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. உங்கள திரும்பித் திரும்பிப் பாத்தேன், நீங்களாவது ஒரு சத்தம் போடுவீங்கன்னு. ரெங்கநாதா, இனிமே எப்படி எறங்கிப் போவேனோ.”

பேத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார ஆசைப்பட்டவரை இழுத்து வந்திருக்கிறார்கள், நடக்கத் தெம்புள்ளவளை உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு கிழவிகளையும் இரண்டு மூட்டைகளாக நினைத்து, ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே என்று இவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்பாகச் செய்தார்களாம். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேண்டாதவள் என்று விட்டுப் போயிருந்தால்கூட நான் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

“ஆளுக்கு ஆள் போட்டுத் தின்னுங்க. சம்பந்தியம்மாவுக்குத் தயிர்சாதம் கொழைவா இருக்கு, அதைக் குடுங்க. எறங்கும்போது ரெண்டு எட்டுக்கு ஒருதரம் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு என் பையிலிருந்து மாற்றுப்புடவையை எடுத்து மகன் கையில் கொடுத்தேன். அவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் குளிக்க வந்தவள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அருவி ஒன்றும் பிரமாதமான உயரமில்லை. இரண்டு பனைமரம் இருக்கும். காலடியில் ஷாம்பு பாக்கெட்டுகள் மிதந்தன. அதை வீசியவர்களையும் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். பெண்கள் பக்கம் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். கல் விழுந்த மாதிரி விழுந்தது தண்ணீர். உச்சந்தலையில், கழுத்தில், முதுகில். சில்லென்று எலும்புக்குள் இறங்கியது. வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்குள் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். திட்டினேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கரையில் மகன் என் புடவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். கையை ஆட்டினான். வாய் அசைந்தது. மூச்சு வாங்கத் தலையை வெளியே எடுத்தேன்.

“அம்மா, போதும், சளி புடிச்சுக்கும்! மணி ஆச்சு, வேன் வந்துரும்!”

எனக்கு நன்றாகவே கேட்டது. கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு இந்தத் தோளை எடுத்துவிட்டு அந்தத் தோளைக் கொடுத்தேன்.