கேஜ் காட்டிக்கொடுத்தது

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். எங்கள் அலுவலகத்தில் எங்கள் ஊர் ஆள் நான் ஒருத்திதான். போன வருடம், வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டு எல்லோர் போனுக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். பெயர் எழுதத் தேவையில்லை என்றிருந்தது.

ரயிலில் பக்கத்து சீட்டு ஸ்டெல்லா, "பேரே கேக்கலியே, இன்னா பயம்? மனசுல இருக்கறத எழுதுங்கக்கா" என்றாள்.

எழுதினேன். 'வேலை பிடிக்கும். குறை சொன்னால் கேட்க ஆளில்லை. ஒரு மாதமாகக் கேஜ் ஓடவில்லை, நாலு மாடி ஏறுகிறோம். வேறு இடம் கிடைத்தால் போய்விடுவேன்.'

மறுவாரம் மேலாளர் கூப்பிட்டார். சேலத்துக்காரர். "மேரி, கேஜ்னா என்னங்க?"

"லிஃப்ட் சார். எங்க ஊரு கோல்டு மைன்ஸ்ல ஆளுங்கள எறக்குவாங்களே, அந்தக் கூண்டு..." சொல்லும்போதே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது.

"போறேன்னு எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"லிஃப்ட் ஓடலேன்னு சொன்னேன் சார். ரெண்டு தடவ."

அந்த வாரமே லிஃப்ட் ஓடியது. வேலையும் நிரந்தரமானது.

இப்போது எந்தப் படிவம் வந்தாலும் முதல் வரியில் என் பெயரை எழுதிவிடுகிறேன். எப்படியும் கேஜ் என்றுதான் எழுதப்போகிறேன்.