ஏழாம் நாள் உரல்

பயூமிக்கு இடது முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. கெய்ரோ மிருகக்காட்சி சாலையில் நீர்யானைத் தொட்டியைக் கட்டி மேய்த்தவன் அவன். காலைக் கடித்தது எது என்று யார் கேட்டாலும் "பாஷா" என்பான். பச்சைப் பொய்!

பாஷா ஆண் நீர்யானை. ராட்சசப் பிறவி. அதன் ஜோடி வர்தா முன்பு ஈன்ற இரண்டு குட்டிகளையும் தண்ணீருக்குள்ளேயே கடித்துக் குதறியது. துண்டு துண்டாகக் கிடந்ததை வலை போட்டு அள்ளியவன் பயூமிதான். அதனால் இந்தப் பிரசவத்துக்கு முன்பே வர்தாவைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றி, நடுவிலிருந்த இரும்புக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினான். இந்தக் குட்டியாவது தக்க வேண்டும். சோறு தண்ணீர் இறங்காமல் அதே நினைப்பாகக் கிடந்தான்.

குட்டி நல்லபடியாகப் பிறந்தது. ஏழாம் நாள், கூட வேலை பார்க்கும் ஹனஃபி தன் வீட்டுப் பித்தளை உரலோடு வந்து நின்றான். பிள்ளை பிறந்த வீட்டில் அன்றைக்கு அதன் காதருகே உரலை இடித்துப் புத்தி சொல்வார்கள். பயூமிக்குப் பிள்ளை இல்லை.

"என்னண்ணே, உம் பிள்ளைக்கு விசேஷம் வேணாமா?"

"நீர்யானைக்கா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டா!"

சொன்னானே தவிர வாயெல்லாம் பல். உலக்கையைப் பிடுங்கித் தானே இடித்தான்.

"டங்! அம்மா பேச்சக் கேளு! டங்! அப்பன் பேச்சக் கேக்காத!"

அட மடையா! பாஷாவுக்குத் தினமும் தீனி வைக்கும்போது இரும்பு வாளியைத் தட்டித்தானே கூப்பிடுகிறாய்? சத்தம் கேட்டு பாஷா கதவோரம் எழுந்து வந்து வாயைப் பிளந்தது. புல் வரவில்லை. சத்தமும் நிற்கவில்லை. வெறி தலைக்கேறிக் கதவை முட்டியது. மறுபடி முட்டியதில் கீல் பிய்ந்து கதவு சாய்ந்தது.

வர்தா குறுக்கே பாய்ந்தது. பல்லோடு பல் மோதியது. வர்தாவின் தோள் கிழிந்து சதை தொங்க, தண்ணீர் சிவந்தது. குட்டி சுவரோரம் ஒடுங்கி நடுங்கியது. பயூமி கம்பியோடு உள்ளே குதித்து, குட்டியை மறைத்து நின்று, பாஷாவின் மூக்கிலேயே மாறி மாறி அடித்தான். திரும்பிய வர்தாவுக்குக் குட்டியருகே ஒரு கால் தெரிந்தது. கவ்விவிட்டது. எலும்பு நொறுங்கிய சத்தம் மேலே நின்ற ஹனஃபிக்கே கேட்டது.

"பாஷா தொட்டிக்கு, அந்தக் கோடிக்கு ஓடுடா! உரல இடி! புல்லக் கொட்டு!" என்று அலறினான் பயூமி.

ஹனஃபி ஓடிப்போய்ப் பைத்தியக்காரனாக இடித்தான். பாஷா காதை ஆட்டியது. வாயில் ரத்தம் ஒழுக, தீனிக்குத் திரும்பிப் போனது. ஆட்கள் பயூமியை மேலே இழுத்துப் போட்டுக் கதவை நிமிர்த்திக் கட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பயூமி கேட்டது ஒன்றுதான்.

"குட்டி?"

"பால் குடிக்குது. அண்ணே, எது கடிச்சதுன்னு மேல கேக்குறாங்க. ஆளக் கடிச்சத இங்க வெச்சுக்க மாட்டாங்களாம்."

"பாஷா."

"நான் கண்ணால பாத்தேனே! வர்தாதானே..."

"வர்தாவ அனுப்பிட்டா குட்டிக்கு யாருடா பால் குடுப்பா, உம் மாமியாரா?" என்று சீறியவன் சட்டென்று உடைந்து அழுதான். "தாய்டா அவ. பிள்ளை பக்கத்துல நின்னா கடிக்கத்தான் செய்வா."

ஹனஃபி வெறும் போர்வையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான்.

"பாஷாதான்ணே கடிச்சது" என்றான்.