நிரூபாவின் நாலு மணி

அஜின்கோர்ட்டில் ஒரு கலியாண மண்டபத்துக்கு நிரூபா மேலாளர். ரொறன்ரோத் தமிழர் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை அவளளவுக்கு அறிந்தவர் இல்லை. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு வரமாட்டார்கள் என்பதே அந்த அறிவு. ஆகையால் ஐயருக்கு ஒரு நேரம், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு நேரம், படம் பிடிப்பவருக்கு இன்னொரு நேரம் என்று ஆளுக்கேற்ற பொய்யைச் சொல்லிவைப்பாள். அவரவர் தம் வழக்கப்படி பிந்தி வந்து சேர, தாலி முகூர்த்தத்துக்குச் சரியாக ஏறும். இவ்வளவு பொய்யில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் தொழில் வேறு இருக்குமோ தெரியாது.

வீட்டிலும் இதே ஏற்பாடுதான். கணவன் கீதனுக்கு எந்த நேரத்தையும் ஒன்றரை மணித்தியாலம் முன்தள்ளியே சொல்வாள். கீதனும் அந்த ஒன்றரையைக் கூட்டிவிட்டே காதில் வாங்குவான். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாததால் நன்றாகவே நடந்தது.

கீதனுக்கு லிப்ட் திருத்தும் வேலை. ஊரார் கால் நோகாமல் மேலே போக வழிசெய்து சம்பளம் வாங்குகிறவன், விடுமுறை எடுத்துக் கால் நோக மலை ஏறுவதற்குக் காரணம் நிரூபா. மகளின் பிறந்தநாளை ஸ்காபரோவில் கயிறு கட்டிச் சுவர் ஏறி விளையாடும் ஒரு கூடத்தில் கொண்டாடினார்கள். பிள்ளைகள் கேக்குக்கு ஓடிய பிறகும் அவள் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை. கீழே கயிறு பிடித்து நின்ற பெடியனைக் கீதன் கொஞ்ச நேரம் பார்த்தான். "தாரும் தம்பி, என்ரை மனுசியை நான் பிடிக்கிறன்" என்று கயிற்றை வாங்கினான். வாங்கியது வாங்கியதுதான்; பிறகு அவள் ஏறிய இடமெல்லாம் கயிறு அவன் கையில்.

இந்தக் கோடையில் மூன்றாம் முறையாக ரொக்கி மலைக்குப் போனார்கள். ஒரே சிகரம். முதல் வருடம் மழை திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம் காற்று. இம்முறை அவர்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு நாள். மறுநாள் விமானம், சனிக்கிழமை மண்டபத்தில் கலியாணம். மத்தியானத்துக்குப் பிறகு இடி வரலாம், வராமலும் விடலாம் என்றது வானிலை அறிவிப்பு. மாப்பிள்ளை வீட்டார் பேச்சைப் போல இருக்கிறதே என்று நிரூபா நினைத்துக்கொண்டாள்.

"காலமை நாலு மணிக்கு வெளிக்கிடவேணும். பன்னிரண்டுக்கு எங்கை நிண்டாலும் திரும்பிறது" என்றாள் முதல்நாள் இரவு. மலையிடம் பொய் செல்லாது என்று எண்ணி, கலியாணமான நாளிலிருந்து முதன்முறையாக உண்மையான நேரத்தைச் சொன்னாள். அது உண்மை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

அவர்கள் தங்கிய விடுதியில் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. தொலைபேசி வேலைசெய்யாத இடம். நாலு மணிக்குத் தலைக்கவசம் சகிதம் சமையலறையில் நின்றவள், பொறுத்துப் பார்த்து ஆண்களின் கதவைத் தட்டினாள். தாடிக்காரர் ஒருவர் கண்ணைக் கசக்கியபடி திறந்தார். அவர் கீதன் அல்ல. மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிட்டாள்.

அஞ்சரைக்கு முகம் கழுவி, தலை இழுத்து, கீதன் வந்தான்.

"பாத்தீரோ, டாணெண்டு வந்திட்டன்!"

"நாலு மணியெண்டு சொன்னனான்."

"ஓம், நாலெண்டு சொன்னனீர். அதுதான் அஞ்சரைக்கு வந்தனான்."

"நாலெண்டா நாலுதான்!"

கீதன் உண்மையாகவே திகைத்தான். "எப்ப இருந்தப்பா?"

பாறை அடிவாரம் வரை அவள் அவனுக்கு முன்னே விறுவிறென்று நடந்தாள். ஏறத் தொடங்கியதும் கோபத்துக்கு நேரமில்லை. அவள் முன்னே ஏறி, பாறை வெடிப்புகளில் கயிறு மாட்டும் இரும்புப் பிடிகளைச் செருகிப் போக, கீதன் கீழே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். வெயில் பட்ட கல் இளஞ்சூடாக இருந்தது. மண்டபத்தில் பத்துப் பேரை விரட்டும் அவள் குரல் இங்கே தணிந்து, கயிற்றைப் பற்றி மட்டுமே பேசியது.

"உங்கை பாரும், உந்த முகிலை" என்றான் கீதன், உச்சிக்குக் கீழே ஒரு முகட்டுக்கு வந்ததும்.

"வெள்ளைதானே."

"ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் மாதிரி வரவரக் கறுக்குது."

பன்னிரண்டானபோது உச்சிக்கு ஒரு கயிற்று நீளம்தான் மிச்சம். முன்னே போனவர்கள் அங்கே அடுக்கிவைத்த கற்குவியல் கண்ணுக்குத் தெரிந்தது. மேற்கே வானம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

கீதன் மெதுவாகக் கேட்டான்: "நீர் சொன்ன பன்னிரண்டு, மணிக்கூட்டின்ரையோ, மண்டபத்தின்ரையோ?"

மண்டபத்தின்ரை என்று ஒரு சொல் போதும். அவன் நம்பி ஏறுவான். நிரூபா கற்குவியலைப் பார்த்தாள், பிறகு அவன் கையிலிருந்த கயிற்றை.

"மணிக்கூட்டின்ரை."

"அப்ப இறங்குவம்."

பாதி இறங்கியபோது எங்கோ ஒருமுறை இடித்தது. சவ்வரிசி போல ஆலங்கட்டி கொட்டியது. ஒரு பாறையிடுக்கில் ஒடுங்கி இருந்து, உச்சியில் தின்பதற்கென்று ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸைத் தின்றார்கள். கடைசி ரோல் முடியுமுன் மழை முடிந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல வெளித்தது. பிறகு பொழுதுபடும்வரை அந்தச் சிகரம் வெயிலில் பளிச்சென்று நின்றது. அவர்கள் திரும்பியது சரியா பிழையா என்பதற்கு இரு பக்கமும் சாட்சி சொல்லிவிட்டு, வானிலை ஒதுங்கிக்கொண்டது.

"என்னாலைதான்" என்றான் கீதன்.

"பாதி என்னாலை" என்றாள் நிரூபா. சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வருசமும் நாலு மணிக்குத்தான்."

"மணிக்கூட்டின்ரையோ, மண்டபத்தின்ரையோ?"

"சொல்லமாட்டன்."

"சரி, நாளைக்குப் பிளேனுக்கு?"

"எட்டுக்கு வெளிக்கிடுறம். அதுவும் எந்த எட்டெண்டு சொல்லமாட்டன்."

மறுநாள் காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கீதன் ஏற்கெனவே காருக்குள், பெல்ட் போட்டபடி இருந்தான். எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"சொல்லமாட்டன்" என்றான்.